உபுண்டு 24.04க்கு மாறிய பிறகு: வாசகர் கேள்வி–பதில்

உபுண்டு இயங்குதளத்தை 22.04 பதிப்பிலிருந்து 24.04க்கு மேம்படுத்தியபின் பேக்கேஜ் (மென்பொருள் பொதி) தகராறு என்று வந்த கடிதங்களில் தேர்ந்தெடுத்தவை இவை. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம். ஆணைகள் தமிழெழுத்தில் அச்சாகியுள்ளன. டெர்மினலில் (ஆணை அடிக்கும் சாளரத்தில்) அவற்றை ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் அடியுங்கள். முன்னால் வரும் ‘சூடோ’, ஆணையை நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது. ஒற்றைக் கோடு எங்கே, இரட்டைக் கோடு எங்கே என்பதை மாற்றிவிடாதீர்கள்.

கேள்வி: மேம்படுத்தல் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது எதை நிறுவப் போனாலும் ‘டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்’ என்கிறது. மீறிப் போனால் ‘அன்மெட் டிபெண்டன்சீஸ்’ என்று ஒரு முழப் பட்டியல். ஃபார்மேட் செய்துவிடலாமா?
— வாசகர், விருத்தாசலம்

ஃபார்மேட் வேண்டாம். பாதியில் நின்ற மேம்படுத்தல்களில் பெரும்பாலானவற்றை முடித்துவிட முடியும். ஆனால் வரிசை முக்கியம்.

என்ன நடந்தது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். பேக்கேஜை நிறுவும் அடிப்படைக் கருவி டிபிகேஜி. களஞ்சியத்திலிருந்து (பேக்கேஜ்கள் கிடைக்கும் இணையக் கிடங்கு) அவற்றையும் அவற்றுக்குத் தேவையான பிற பேக்கேஜ்களான சார்புகளையும் (டிபெண்டன்சீஸ்) இறக்கித் தருவது ஏபிடி. ஒரு பேக்கேஜ் நிறுவப்படுவது இரண்டு கட்டம். முதலில் கோப்புகள் பிரித்துப் போடப்படும். பிறகு அந்த பேக்கேஜின் அமைப்பு ஸ்கிரிப்ட் ஓடும். உங்கள் கணினியில் நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் முதல் கட்டத்தோடு நிற்கின்றன. லாரியிலிருந்து சாமான் இறங்கிவிட்டது, யாரும் பிரித்து அடுக்கவில்லை. ‘டிபிகேஜி -எல்’ கொடுத்தால் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டு எழுத்து இருக்கும்: ‘ஐஐ’ என்றால் நலம், ‘ஐயு’ என்றால் பிரித்ததோடு சரி, ‘ஐஎஃப்’ என்றால் அமைக்கப் போய்த் தோற்றது. ‘ஆர்சி’ என்பது நீக்கப்பட்ட பேக்கேஜின் மிச்ச அமைப்புக் கோப்பு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முழுப் பட்டியல் வேண்டாம், கோளாறானவை மட்டும் போதும் என்றால் ‘டிபிகேஜி --ஆடிட்’.

திரையே வரவில்லை என்றால் கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போங்கள். அதுவும் வராவிட்டால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, அதற்குள் ‘ரெகவரி மோட்’. அங்கே முதலில் ‘நெட்வொர்க்’, அடுத்து ‘டிபிகேஜி’. இந்த வரிசையை மாற்றினால், பழுது பார்க்கும்போது தேவைப்படும் பேக்கேஜை இறக்க முடியாமல் அது நின்றுவிடும். வைஃபையை நம்பாதீர்கள். கேபிள் அல்லது மொபைலிலிருந்து யுஎஸ்பி டெதரிங் நல்லது.

இனி வேலை. ‘டிஎஃப் -எச்’ கொடுத்து ரூட் பகுதியிலும், தனியாக இருந்தால் பூட் பகுதியிலும் இடம் இருக்கிறதா பாருங்கள். பூட் நிரம்பியிருந்தால் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொடக்கக் கோப்பை எழுத முடியாமல் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) பேக்கேஜ் தோற்கும். அது தோற்றால் அதன்மேல் நிற்கும் எல்லாமே தோற்கும். அப்படியானால் ‘யுநேம் -ஆர்’ மூலம் இப்போது ஓடும் கெர்னல் எது என்று பார்த்து வையுங்கள். அதையும் புதிதாக வந்ததையும் விட்டுவிட்டு, அவற்றைவிடப் பழைய லினக்ஸ்-இமேஜ் பேக்கேஜ் ஒன்றை ‘சூடோ டிபிகேஜி --பர்ஜ்’ மூலம் நீக்குங்கள். பூட் அடைவுக்குள் போய்க் கோப்புகளைக் கையால் அழிப்பது கூடாது. டிபிகேஜியின் கணக்கில் அவை இன்னும் இருப்பதாகவே இருக்கும், பிறகு அதுவே புதுப் பிரச்சினை.

அடுத்து:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ

இது பல நிமிடம் ஓடலாம். நடுவே, நீங்கள் திருத்தியிருக்கும் ஓர் அமைப்புக் கோப்பைப் புதியதால் மாற்றட்டுமா என்று கேட்டு நிற்கும். என்டர் தட்டினால் உங்களுடையதே நிலைக்கும். புதியது அதே பெயரோடு ‘.டிபிகேஜி-டிஸ்ட்’ என்ற வால் சேர்ந்து பக்கத்தில் இருக்கும், நிதானமாக ஒப்பிட்டுக்கொள்ளலாம். முடிந்ததும்:

சூடோ ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

இங்கேதான் கண்ணை மூடிக்கொண்டு ‘ஒய்’ தட்டி நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். நீக்கப்படுபவை என்று ஒரு பட்டியல் வரும். அதில் உபுண்டு-டெஸ்க்டாப், ஜிடிஎம்3, நெட்வொர்க்-மேனேஜர் அல்லது இப்போது ஓடும் கெர்னலின் பெயர் இருந்தால் ‘என்’ கொடுத்து வெளியே வாருங்கள். வேறொரு பேக்கேஜ் முட்டுக்கட்டையாக இருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிப்பது அடுத்த பதிலில் இருக்கிறது. பட்டியல் சரியாக இருந்தால் ஒப்புதல் கொடுத்துவிட்டு ‘சூடோ ஏபிடி அப்டேட்’, பிறகு ‘சூடோ ஏபிடி ஃபுல்-அப்கிரேட்’. மறுபடி மேம்படுத்தல் கருவியையே ஓட்டப் பார்த்தால் ‘புதிய பதிப்பு எதுவும் இல்லை’ என்று சொல்லக்கூடும். அடிப்படை பேக்கேஜ் ஏற்கெனவே 24.04 ஆகியிருப்பதால் முழுதும் முடிந்துவிட்டதாக அது நினைக்கிறது. ஆகவே ஃபுல்-அப்கிரேட்தான் வழி. கடைசியாக ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால் உபுண்டு-டெஸ்க்டாப்’ கொடுத்து, விட்டுப்போனவற்றை இழுத்துக்கொள்ளுங்கள்.

பிழை வந்தால் கடைசி வரியைப் படிக்காதீர்கள். ‘சப்-புராசஸ் டிபிகேஜி ரிட்டர்ன்டு அன் எரர் கோட் 1’ என்பதில் ஒரு தகவலும் கிடையாது. மேலே போய் முதல் பிழை எந்த பேக்கேஜில் வந்தது என்று பாருங்கள். மற்றவை அதைச் சார்ந்து விழுந்தவையாக இருக்கும். திரையில் ஓடிப்போய்விட்டால் /வார்/லாக்/ஏபிடி/டெர்ம்.லாக் கோப்பில் அப்படியே இருக்கும். மேம்படுத்தலின் போது நடந்தது /வார்/லாக்/டிஸ்ட்-அப்கிரேட் அடைவில்.

ஒரு எச்சரிக்கை. ‘லாக் கோப்பைப் பெற முடியவில்லை’ என்று வந்தால் அந்தக் கோப்பை அழிக்கச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும். கேட்காதீர்கள். பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். ‘சூடோ எல்எஸ்ஓஎஃப் /வார்/லிப்/டிபிகேஜி/லாக்-ஃபிரன்ட்எண்ட்’ கொடுத்தால் யார் பிடித்திருக்கிறார் என்று காட்டும். அது முடியும்வரை காத்திருங்கள்.

கேள்வி: ‘யூ ஹாவ் ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்’ என்று வருகிறது. நான் எதையும் நிறுத்திவைக்கவில்லையே?
— வாசகி, திருச்செங்கோடு. இதே கேள்வியுடன் மேலும் பலர்

நீங்கள் நிறுத்திவைத்திருக்க வேண்டியதில்லை. சரிபார்க்க ‘ஏபிடி-மார்க் ஷோஹோல்ட்’ கொடுங்கள். ஒன்றும் வராவிட்டால், காரணம் அநேகமாக வெளியிலிருந்து வந்த பேக்கேஜ்.

நடப்பது இது. 22.04இல் ஒரு பிபிஏ (தனிநபரோ குழுவோ நடத்தும் வெளிக் களஞ்சியம்) சேர்த்து, அதிலிருந்து உபுண்டுவில் இருப்பதைவிட உயர்ந்த பதிப்பு எண் கொண்ட லைப்ரரி (பல நிரல்கள் பகிரும் நிரல் தொகுப்பு) ஒன்று உள்ளே வந்திருக்கும். மேம்படுத்தல் கருவி வெளிக் களஞ்சியங்களை முடக்கிவிடும். ஆனால் அங்கிருந்து வந்த பேக்கேஜ்களை எடுக்காது. ஏபிடி தானாகப் பதிப்பைக் கீழிறக்குவதும் இல்லை. இப்போது 24.04இன் பேக்கேஜ் ஒன்று அந்த லைப்ரரியின் துல்லியமான இந்தப் பதிப்புதான் வேண்டும் என்று கேட்கிறது, உள்ளே இருப்பது வேறு. இருவரும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள்.

கண்டுபிடிக்க: ‘ஏபிடி லிஸ்ட்’ என்பதற்குப் பக்கத்தில், ஒற்றை மேற்கோளுக்குள் ‘?அப்சலீட்’ என்று கொடுங்கள். எந்தக் களஞ்சியத்திலும் இல்லாமல் அனாதையாக உள்ளே கிடப்பவை அத்தனையும் வரும். அதில் ஒவ்வொன்றுக்கும் ‘ஏபிடி பாலிசி’ கொடுத்தால் நிறுவியிருக்கும் பதிப்பு, கிடைக்கும் பதிப்பு, அது எந்தக் களஞ்சியம் என்பதெல்லாம் தெரியும். பதிப்பு எண்ணின் வாலில் பிபிஏவின் பெயரோ ‘22.04’ என்ற எண்ணோ ஒட்டியிருந்தால் சந்தேகத்தை அங்கே தொடங்குங்கள்.

திரும்பச் சேர்க்க முடியாதது என்று முடிவானால் ‘பிபிஏ-பர்ஜ்’ என்ற கருவியை நிறுவி, பிபிஏவின் பெயரைக் கொடுங்கள். அந்தக் களஞ்சியத்தை நீக்கி, அதிலிருந்து வந்தவற்றை உபுண்டுவின் பதிப்புக்கு இறக்கிவிடும். முடக்கப்பட்டிருக்கும் பிபிஏவை இதற்காக ஒரு முறை இயக்க வேண்டியிருக்கும். ஒன்றிரண்டு பேக்கேஜ்தான் என்றால் கையாலேயே செய்யலாம்: ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால்’, பேக்கேஜ் பெயர், சமக்குறி, பாலிசி காட்டிய உபுண்டு பதிப்பு எண், இடைவெளி விடாமல். முதலில் ‘-எஸ்’ சேர்த்து ஓட்டிப் பாருங்கள். அது ஒத்திகை மட்டும், எதையும் தொடாது.

பிபிஏ தொடர்ந்து வேண்டும் என்பவர்களுக்கு: 24.04இல் களஞ்சியப் பட்டியலின் வடிவமே மாறிவிட்டது. உபுண்டுவின் சொந்த முகவரிகள் /இடிசி/ஏபிடி/சோர்சஸ்.லிஸ்ட்.டி/ அடைவில் ‘உபுண்டு.சோர்சஸ்’ கோப்புக்குப் போய்விட்டன, பழைய சோர்சஸ்.லிஸ்ட்டைத் திறந்து காலியாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். மற்றவற்றுக்கும் அதே அடைவில் தனித்தனிக் கோப்பு. முடக்கப்பட்டதில் ‘எனேபிள்டு: நோ’ என்ற வரி இருக்கும். அதை ‘யெஸ்’ ஆக்குமுன் ‘சூட்ஸ்’ வரியைப் பாருங்கள். அங்கே 22.04இன் பெயரான ‘ஜாமி’ இருந்தால் 24.04இன் பெயரான ‘நோபிள்’ ஆக்க வேண்டும், அதுவும் அந்த பிபிஏ நோபிளுக்கு பேக்கேஜ் தருகிறது என்று உறுதி செய்த பிறகு. தராவிட்டால் ‘ரிலீஸ் ஃபைல் இல்லை’ என்று பிழை வரும். ஜாமியை அப்படியே விட்டு இயக்குவது, இப்போது சரிசெய்த சிக்கலை மறுபடி வரவழைப்பதற்குச் சமம்.

‘கெப்ட் பேக்’ என்று சில பேக்கேஜ்கள் காட்டுவதையும் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். பக்கத்தில் ‘டிஃபர்டு டியூ டு ஃபேசிங்’ என்றிருந்தால் அது கோளாறே அல்ல. புதுப்பிப்பை உபுண்டு எல்லோருக்கும் ஒரே நாளில் தருவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விடும், புகார் வந்தால் நிறுத்தும். உங்கள் முறை வரும்போது தானாக வரும்.

கேள்வி: அலுவலக மென்பொருளின் டெப் (உபுண்டு பேக்கேஜ்) கோப்பு ‘லிப்அசவுண்ட்2 தேவை’ என்று அடம்பிடிக்கிறது. அதை நிறுவப் போனால் ‘விர்ச்சுவல் பேக்கேஜ்’ என்கிறது. 22.04இல் ஓடியதுதான்.
— வாசகர், ஓசூர்

‘சூடோ ஏபிடி இன்ஸ்டால் லிப்அசவுண்ட்2டி64’ கொடுங்கள். பிறகு டெப் கோப்பு இருக்கும் அடைவிலிருந்து ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால் ./கோப்பின் பெயர்’. அந்தப் புள்ளியும் சாய்கோடும் இல்லாவிட்டால் களஞ்சியத்தில் தேடப் போய்விடும். ‘டிபிகேஜி -ஐ’ பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது சார்புகளை இறக்காது, பாதியில் விட்டுவிட்டுப் போகும்.

இந்த ‘டி64’ வால் எங்கிருந்து வந்தது? 32 பிட் எண்ணில் நேரத்தைச் சேமிக்கும் நிரல்கள் 2038 ஜனவரி 19 அன்று, கிரீன்விச் நேரம் அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 நொடியோடு எண்ணிக்கை தீர்ந்துபோய்த் தடுமாறும். அதற்காக நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றினார்கள். 32 பிட் ஏஆர்எம் கணினிகளில்தான் இது நிஜமான மாற்றம். உங்கள் கணினியில் நேரம் முன்பே 64 பிட்தான். ஆனால் பேக்கேஜ் பெயர் எல்லா வகைக் கணினிக்கும் பொது என்பதால் எல்லா இடத்திலும் மாறியது. 64 பிட் கணினிகளில் புதிய பேக்கேஜ், பழைய பெயருக்கும் நானே பொறுப்பு என்று அறிவித்துக்கொள்வதால் பெரும்பாலான பழைய டெப்கள் சிக்கலின்றிப் போகும். லிப்அசவுண்ட்2 என்ற பெயருக்கு மட்டும் இரண்டு பேக்கேஜ்கள் உரிமை கோருகின்றன. எது என்று ஏபிடி தானாகத் தீர்மானிக்காமல் உங்களைக் கேட்கிறது.

ஆப்இமேஜ் கோப்புகள் (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு மென்பொருள்கள்) திறக்காததற்கும் பாதிக் காரணம் இதே பெயர் மாற்றம்: லிப்ஃபியூஸ்2 இப்போது லிப்ஃபியூஸ்2டி64. அதை மட்டும் நிறுவுங்கள். வெறும் ‘ஃபியூஸ்’ என்ற பேக்கேஜை நிறுவாதீர்கள். அது ஃபியூஸ்3ஐ வெளியேற்றி, கூடவே டெஸ்க்டாப்பின் பகுதிகளையும் இழுத்துக்கொண்டு போகும். நிறுவிய பின்னும் ‘சாண்ட்பாக்ஸ்’ என்று பிழை காட்டினால் அது வேறு சங்கதி. சாதாரணப் பயனர் கணக்கில் புதிய நேம்ஸ்பேஸ் (நிரலைத் தனிமைப்படுத்தும் சூழல்) உருவாக்குவதை 24.04இன் பாதுகாப்பு அமைப்பான ஆப்ஆர்மர் கட்டுப்படுத்துகிறது. அதே மென்பொருளின் டெப் அல்லது ஸ்னாப் வடிவம் இருந்தால் அதற்கு மாறுவதே நல்லது.

மென்பொருள் லிப்எஸ்எஸ்எல்1.1 கேட்டால் என்ன செய்வது என்றும் இன்னொருவர் கேட்டிருக்கிறார். அது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்க மென்பொருளின் பழைய லைப்ரரி, 22.04இலேயே இல்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 வரிசைக்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. எங்கிருந்தோ பழைய டெப்பை இறக்கி ஒட்டவைத்தால் ஓடும், ஆனால் பாதுகாப்புத் திருத்தம் ஒருபோதும் வராது. தயாரித்தவரிடம் புதிய பதிப்பு கேளுங்கள். கிடைக்காவிட்டால் அந்த ஒரு மென்பொருளை 20.04 கன்டெய்னருக்குள் (தனிமைப்படுத்திய 20.04 சூழலுக்குள்) ஓட்டுங்கள்.

கேள்வி: மாணவர்களின் பைதான் புராஜெக்டுகள் ஒன்றுகூட ஓடவில்லை. எல்லா மாட்யூலும் காணோம். பிப் (பைதானின் நிறுவும் கருவி) இன்ஸ்டால் செய்தால் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்’ என்கிறது.
— கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர், காரைக்குடி

22.04இல் பைதான் 3.10, 24.04இல் 3.12. மாட்யூல்கள் எங்கும் போகவில்லை. ‘லிப்/பைதான்3.10/சைட்-பேக்கேஜஸ்’ அடைவில் பத்திரமாக இருக்கின்றன. புதிய பைதான் 3.12 என்ற பெயருள்ள அடைவை மட்டும் பார்க்கிறது. 3.10 அடைவை 3.12 என்று பெயர் மாற்றினால் போதாதா என்று தோன்றும். தூய பைதானில் எழுதியவை ஓடக்கூடும். நம்பை, பாண்டாஸ் போன்று உள்ளே சி நிரல் தொகுக்கப்பட்டவை ஓடாது, குழப்பமான பிழைகளைத் தரும்.

விர்ச்சுவல் என்விரான்மென்டை (சுருக்கமாக வென்வ்: ஒரு புராஜெக்டுக்கென்று தனியாக வைக்கும் பைதான் அடைவு) பழுதுபார்க்க மெனக்கெடாதீர்கள். அது மலிவானது, எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். தேவைப் பட்டியல் கோப்பு இல்லையென்றால், பழைய சைட்-பேக்கேஜஸ் அடைவுக்குள் ‘டிஸ்ட்-இன்ஃபோ’ என்று முடியும் துணை அடைவுகளைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றின் பெயரிலும் மாட்யூலும் பதிப்பு எண்ணும் இருக்கும். அதிலிருந்து பட்டியலைத் தயார் செய்துகொண்ட பிறகு பழையதை நீக்குங்கள். ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால் பைதான்3-வென்வ்’, பிறகு ‘பைதான்3 -எம் வென்வ்’ உடன் அடைவின் பெயர், அதை இயக்கிவிட்டு ‘பிப் இன்ஸ்டால் -ஆர்’ உடன் பட்டியல் கோப்பு.

அப்போது சில பழைய பதிப்புகள் நிறுவ மறுக்கும். 3.12இல் ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்ற மாட்யூல் நீக்கப்பட்டுவிட்டது. அதை நம்பிய பழைய பேக்கேஜ்கள் ‘டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லை’ என்று விழும். பேக்கேஜின் பதிப்பை உயர்த்துவதே சரியான மருந்து. முடியாதபோது அந்த என்விரான்மென்டுக்குள் ‘செட்அப்டூல்ஸ்’ நிறுவினால் பல சமயம் தேறும். பாடத்திட்டத்தின்படி 3.10தான் வேண்டும் என்றால் ‘டெட்ஸ்நேக்ஸ்’ பிபிஏவிலிருந்து அதைத் தனியாக நிறுவி, வென்வை அதைக்கொண்டு உருவாக்குங்கள்.

பிப்பின் மறுப்பு கோளாறல்ல, வேலி. உபுண்டுவின் பல கருவிகள் பைதானில் எழுதப்பட்டவை; பிப் மூலம் கணினி முழுவதற்கும் எதையாவது மாற்றினால் அவை விழும். ‘--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ என்று சேர்த்தால் வேலி திறக்கும், பெயரிலேயே என்ன ஆகும் என்று எழுதியும் இருக்கிறது. இதைவிட மோசமானது, /யுஎஸ்ஆர்/பின்/பைதான்3 என்ற இணைப்பை 3.10 பக்கம் திருப்புவது. அடுத்த நிமிடமே ‘ஏபிடி_பிகேஜி மாட்யூல் இல்லை’ என்று வரத் தொடங்கும். திருப்பியிருந்தால் உடனே 3.12க்கே திருப்பிவிடுங்கள். தனிக் கருவிகளைப் பிப்எக்ஸ் மூலம் நிறுவியிருப்பவர்களுக்கு வேலை எளிது: ‘பிப்எக்ஸ் ரீஇன்ஸ்டால்-ஆல்’.

கேள்வி: ஹெச்பி லேசர்ஜெட் 1020 பிளஸ். பிரிண்ட் கொடுத்தால் வரிசையில் நிற்கிறது, தாள் நகரவில்லை. டிரைவர் இருப்பதாகவே காட்டுகிறது.
— ஜெராக்ஸ் கடை, அரியலூர்

டிரைவர் இருக்கிறது, பிளகின் இல்லை. 1020, பி1007, பி1008 வகை பிரிண்டர்களுக்கு ஃபர்ம்வேர் (பிரிண்டரை இயக்கும் நிரல்) உள்ளேயே நிலையாக இருக்காது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினி அனுப்ப வேண்டும். அந்த ஃபர்ம்வேரை ஹெச்பி தனி பிளகினாகத் தருகிறது. பிளகினின் பதிப்பும், டிரைவரைத் தரும் ஹெச்பிலிப் பேக்கேஜின் பதிப்பும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். மேம்படுத்தலில் ஹெச்பிலிப் 3.21.12இலிருந்து 3.23.12 ஆகிவிட்டது, பிளகின் உபுண்டு களஞ்சியத்தில் இல்லாததால் பழையதாகவே நிற்கிறது.

இணைய இணைப்போடு, சூடோ இல்லாமல், ‘ஹெச்பி-பிளகின் -ஐ’ என்று கொடுங்கள். அதுவே பாஸ்வேர்டு கேட்கும். உரிம ஒப்பந்தத்துக்கு ‘ஒய்’. முடிந்ததும் பிரிண்டரை அணைத்து, யுஎஸ்பி கேபிளைக் கழற்றி, பத்து எண்ணிவிட்டு மறுபடி மாட்டி ஆன் செய்யுங்கள். அப்போதுதான் ஃபர்ம்வேர் போகும். வரிசையில் தேங்கிய பழைய வேலைகளை ‘கேன்சல் -ஏ’ கொடுத்து நீக்கிவிட்டுச் சோதனைப் பக்கம் எடுங்கள்.

கேள்வி: இரங்கநாதன் விசைப்பலகை மேம்படுத்தலுக்குப் பின் காணாமல் போய்விட்டது. மேல்பட்டியில் ‘த’ என்று காட்டுகிறது, ஆனால் தட்டினால் ஆங்கிலமே விழுகிறது.
— வாசகர், யாழ்ப்பாணம்

அந்த விசைப்பலகையைத் தருவது ‘ஐபஸ்-எம்17என்’ பேக்கேஜ். மேம்படுத்தலின்போது அது நீங்கியிருக்கிறது, பெயர் மட்டும் உங்கள் அமைப்பில் மிச்சம். ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஐபஸ்-எம்17என் எம்17என்-டிபி’ கொடுத்து, ஒரு முறை வெளியேறி உள்நுழையுங்கள். ‘ஐபஸ் ரீஸ்டார்ட்’ மட்டும் சில நேரம் போதாது. பிறகு அமைப்புகளில் விசைப்பலகை, உள்ளீட்டு மூலங்கள், கூட்டல் குறி, தமிழ். பழைய பதிவை எடுத்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். தமிழ்99 பாவிப்பவர்களும் பெயரில் எம்17என் உள்ளதையே தேர்ந்தால்தான் தானியங்கிப் புள்ளி வேலை செய்யும். எழுத்துகள் கட்டமாகத் தெரிந்தால் அது எழுத்துருப் பிரச்சினை: ‘ஃபான்ட்ஸ்-லோகித்-தமிழ்’ நிறுவுங்கள். அதன் உண்மைப் பெயரின் கடைசித் துண்டு ‘டி ஏ எம் எல்’ என்ற நான்கே எழுத்து.

கேள்வி: எங்கள் சங்க இணையதளத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பதில் பிஎச்பி நிரலே தெரிகிறது. டேட்டாபேஸும் காலியாக இருப்பதாகச் சொல்கிறது.
— வாசகர், ஈரோடு

முதலில் ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் அப்பாச்சி2’ கொடுத்து, தளத்தைத் தரும் வலைச் சேவையகமான அப்பாச்சியை நிறுத்துங்கள். இப்போதே. திரையில் தெரிவது உங்கள் நிரல் மட்டுமல்ல. அதற்குள் எழுதிவைத்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் தெரிந்திருக்கலாம். தளம் திரும்பியதும் அதை மாற்றிவிடுங்கள்.

காரணம்: பிஎச்பி 8.1 போய் 8.3 வந்தது, அப்பாச்சிக்கு அதை இணைக்கும் மாட்யூல் வரவில்லை. ‘லிப்அப்பாச்சி2-மாட்-பிஎச்பி8.3’ நிறுவுங்கள். நீட்சிகளும் பதிப்புவாரியாகத் தனி: பிஎச்பி8.3-பிஜிஎஸ்க்யூஎல், எம்பிஸ்ட்ரிங், எக்ஸ்எம்எல், கர்ல் என்று உங்கள் தளம் கேட்பவை. ‘சூடோ ஏ2டிஸ்மாட் பிஎச்பி8.1’, ‘சூடோ ஏ2என்மாட் பிஎச்பி8.3’, ‘அப்பாச்சி2சிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்’ சரி என்று சொன்ன பிறகு அப்பாச்சியை இயக்குங்கள். பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பும் பதிப்புக்கு ஒன்று. 8.1 அடைவில் கோப்பேற்ற அளவை 64 எம்பி என்று வைத்திருந்தால், 8.3இல் அது இயல்பான 2 எம்பிக்குத் திரும்பியிருக்கும்.

டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்று கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். தரவு அழியவில்லை. ‘பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்’ கொடுங்கள்: 14, 16 என்று இரண்டு வரி வரும். 14இல் உங்கள் தரவு, 16 மேம்படுத்தல் உருவாக்கிய வெற்றுக் கிளஸ்டர் (டேட்டாபேஸ் தொகுதி), பெரும்பாலும் 5433 போர்ட்டில் (இணைப்பு எண்ணில்). 14இன் பக்கத்தில் ‘பைனரீஸ்_மிஸ்ஸிங்’ என்றிருந்தால், மேம்படுத்தலின் இறுதியில் காலாவதியான பேக்கேஜ்களை நீக்கட்டுமா என்ற கேள்விக்கு ஆம் சொல்லியிருக்கிறீர்கள். போஸ்ட்கிரெஸ் திட்டத்தார் நடத்தும் ஏபிடி களஞ்சியத்தைச் சேர்த்து போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-14ஐ மறுபடி நிறுவினால் அது எழுந்துவிடும்.

அது ஓடத் தொடங்கியதும் வேறெதற்கும் முன்னால் ‘பிஜி_டம்ப்ஆல்’ மூலம் முழுப் பிரதி எடுத்து வேறு வட்டில் வையுங்கள். பின்னர் வெற்று 16ஐ நீக்குங்கள்: ‘சூடோ பிஜி_டிராப்கிளஸ்டர் --ஸ்டாப் 16 மெயின்’. எண்ணை இரண்டு முறை பார்த்து அடியுங்கள்; 14 என்று அடித்தால் திருப்பிக் கேட்காமல் அழித்துவிடும். அடுத்து ‘சூடோ பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் 14 மெயின்’. இது தரவை வெளியே எடுத்துப் புதியதில் ஏற்றுவதால் வட்டில் ஏறக்குறைய இன்னொரு மடங்கு இடம் வேண்டும். நேரம் பிடித்தாலும் இதில் ஒரு லாபம் உண்டு. உபுண்டுவின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி 2.35இலிருந்து 2.39க்கு மாறியதால் எழுத்துகளின் அகரவரிசை விதிகள் மாறியிருக்கக்கூடும். பழைய இண்டெக்ஸை (டேட்டாபேஸின் தேடல் அட்டவணையை) அப்படியே தூக்கிவந்தால் தேடலில் பெயர்கள் தவறும். ஏற்றும்போது இண்டெக்ஸ்கள் புதிதாகக் கட்டப்படுவதால் அந்தச் சிக்கல் இல்லை. முடிந்ததும் 16 தானாக 5432 போர்ட்டுக்கு வந்துவிடும், 14 ஒதுங்கி நிற்கும். ஓரிரு வாரம் தளம் ஒழுங்காக ஓடிய பிறகு 14ஐ நீக்குங்கள்.

கேள்வி: 20.04இலிருந்து நேரே 24.04க்குப் போகலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

முடியாது. 22.04 வழியாகத்தான். ஒவ்வொரு கட்டத்திலும் ரீபூட் செய்து, ‘?அப்சலீட்’ பட்டியலைச் சுத்தம் செய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 20.04இன் இயல்பான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அவசரப்படாமல் தயாராக வேண்டும் என்றால் உபுண்டு புரோ கணக்கு, தனிநபருக்கு 5 கணினி வரை இலவசம், பாதுகாப்புத் திருத்தங்கள் தொடரும்.

கேள்வி: போதும் சாமி, 22.04க்கே திரும்ப வழி உண்டா?
— வாசகி, தஞ்சாவூர்

மேம்படுத்தலைத் தலைகீழாக ஓட்டும் வழி எதுவும் இல்லை. மேம்படுத்துமுன் டைம்ஷிஃப்ட் கருவியால் ஸ்னாப்ஷாட் (கணினியின் அப்போதைய நிலையின் நகல்) எடுத்திருந்தால் அதை மீட்கலாம். இல்லையேல் 22.04ஐப் புதிதாக நிறுவ வேண்டும். ஹோம் அடைவை வெளி வட்டுக்கு நகலெடுங்கள், தண்டர்பேர்டு அஞ்சலை மறக்காமல்: 24.04இல் அது ஸ்னாப் (உபுண்டுவின் இன்னொரு பேக்கேஜ் வடிவம்) ஆகிவிட்டதால், மேம்படுத்திய பிறகு வந்த கடிதங்கள் ஹோமுக்குள் ஸ்னாப்/தண்டர்பேர்டு/காமன்/ அடைவில் மறை அடைவாக இருக்கும். அதோடு ‘ஏபிடி-மார்க் ஷோமேனுவல்’ தரும் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். அதில் பெயர்கள் மட்டும் இருக்கும், பதிப்பு எண்கள் தனியாக இருக்காது, ஆகவே 22.04இலும் ஏபிடிக்குக் கொடுக்கலாம். டி64 வால் உள்ளவற்றையும், பிஎச்பி8.3 போலப் பெயரிலேயே 24.04இன் பதிப்பு எண் ஒட்டியவற்றையும் முன்கூட்டியே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.